பேஸ்பால் அணி ஏன் தோற்றுக்கொண்டே போகிறது? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

தருமபுரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பேஸ்பால் சொல்லித்தருகிறேன். பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற பிள்ளைகளும் உண்டு. இந்த வருடம் எங்கள் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறது. ஏன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர்களைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்கள் கேட்கிறார்கள். ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் முடித்து வந்து விடியற்காலையில் அமெரிக்க ஆட்டங்களைப் பார்க்கும் நண்பர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்ன பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட தோல்வித் தொடர் பெரும்பாலும் பிட்சர், அதாவது பந்து எறிகிறவர், பற்றாக்குறையில்தான் தொடங்குகிறது. மனசு விட்டுப்போவது அதற்கு அப்புறம் நடப்பது. மனசைத் திட்டிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் அந்தப் பற்றாக்குறையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எத்தனை ஆட்டம் வரிசையாகத் தோற்றால் கவலைப்பட வேண்டும்?

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நான்கு தோல்வி என்றாலே பெரிய விஷயம். 2022 ஐபிஎல்லில் மும்பை இந்தியன்ஸ் முதல் 8 ஆட்டங்களிலும் தோற்றது. அத்தோடு அந்த வருடக் கதை முடிந்துபோனது. பேஸ்பால் கணக்கு வேறு. அமெரிக்காவின் உச்ச நிலைப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. 100 ஆட்டம் ஜெயித்தால் அது பிரமாதமான அணி. அந்தப் பிரமாதமான அணியும் 62 ஆட்டம் தோற்றிருக்கும். நாலைந்து தோல்வி வரிசையாக வருவது எந்த அணிக்கும் சகஜம்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜெயிக்க சரிபாதி வாய்ப்புள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். 162 ஆட்டத்தில் எங்கேயாவது ஓரிடத்தில் அது தொடர்ந்து 10 தோற்க நூற்றுக்கு ஏழு வாய்ப்பு இருக்கிறது. நூற்றுக்கு நாற்பதுதான் ஜெயிக்கும் அணி என்றால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு முப்பதைத் தாண்டும். நாணயத்தைச் சுண்டுகிற கணக்குதான் இது. காயம், சோர்வு எதையும் இதில் சேர்க்கவில்லை. அதனால் ஐந்து தோல்விக்கெல்லாம் நான் பதறுவதில்லை. எட்டு, ஒன்பது என்று போகும்போது ஸ்கோர் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிடுவேன்.

மிக நீண்ட தோல்வித் தொடர் எந்த அணியுடையது?

மேஜர் லீக் வரலாற்றில் 1889-இல் லூயிவில் கர்னல்ஸ் அணி 26 ஆட்டம் தொடர்ந்து தோற்றது. 1900-க்குப் பிறகு என்று பார்த்தால் 1961-இல் பிலடெல்பியா ஃபில்லீஸ் தோற்ற 23 ஆட்டம்தான் அதிகம். 1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் பருவத்தின் முதல் ஆட்டத்திலிருந்தே 21 தோற்றது. 2024-இல் சிகாகோ வைட் சாக்ஸும் ஜூலை, ஆகஸ்டில் 21 தோற்று, கடைசியில் 41 வெற்றி, 121 தோல்வி என்று பருவத்தை முடித்தது. 1900-க்குப் பிறகு ஒரே பருவத்தில் இத்தனை தோல்வி வேறு எந்த அணிக்கும் இல்லை.

ஜப்பானில் 1998-இல் சிபா லோட்டே மரைன்ஸ் 18 தோற்றது. கொரியாவில் 1985-இல் சம்மி சூப்பர்ஸ்டார்ஸ், 2020-இல் ஹன்வா ஈகிள்ஸ், இரண்டும் 18.

மாணவர் அணிகளின் எண்ணிக்கை இன்னும் பெரியது. டோக்கியோ பல்கலைக்கழக அணி 2010 முதல் 2015 வரை 94 ஆட்டம் தோற்றது. அமெரிக்காவின் கால்டெக் கல்லூரி அணி 228 ஆட்டம் தோற்று 2013-இல்தான் ஜெயித்தது. இரண்டுமே நாட்டிலேயே நுழைய மிகக் கடினமான படிப்பு இடங்கள். ஆட்டக்காரன் என்பதற்காக யாருக்கும் அங்கே சீட் கிடைக்காது. எதிரணிகளோ மாநிலம் மாநிலமாகத் தேடி ஆள் எடுக்கும். அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

பிட்சர்தான் காரணம் என்று அடித்துச் சொல்கிறீர்களே, எப்படி?

பேஸ்பாலில் பந்து எறிகிறவர்தான் பிட்சர். 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து, தரையில் படாமல், முழு வேகத்தில் எறிய வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட். எதிரணியை 27 முறை அவுட் ஆக்கினால்தான் ஆட்டம் முடியும். ஒருநாள் கிரிக்கெட் போல பத்து ஓவரோடு பந்தை அடுத்தவரிடம் கொடுக்கும் கட்டாயம் கிடையாது, ஆனால் தோள் ஒத்துழைக்க வேண்டும். அதனால் பெரிய அணிகள் ஆட்டத்தைத் தொடங்க ஐந்து பிட்சர்களை வைத்துக்கொண்டு சுழற்சியில் விடுகின்றன. ஒருவர் தொண்ணூறு, நூறு பந்து எறிந்தால் அடுத்த நாலைந்து நாள் ஓய்வு. அவர் இறங்கியதும் மீதி இன்னிங்ஸை எறிய மாற்றுப் பிட்சர்கள் சிலர் இருப்பார்கள்.

அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை தொடங்குகிறவர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே ஏழு ரன் கொடுத்துவிட்டு இறங்குகிறார். மிச்சம் ஆறு இன்னிங்ஸை மாற்றுப் பிட்சர்கள் நாலு பேர் பங்குபோட்டு எறிகிறார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டாவது பலவீனமானவரின் முறை, அதே கதை. புதன்கிழமை நல்ல பிட்சர் வருகிறார், ஆறு இன்னிங்ஸ் அருமையாக எறிந்து 3-2 என்று முன்னிலை கொடுக்கிறார். ஏழாவது இன்னிங்ஸுக்கு யாரை விடுவது? இருப்பவர்கள் எல்லாம் இரண்டு நாளாக எறிந்து களைத்தவர்கள். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் போகிறது. வியாழக்கிழமை மேனேஜர் (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளரை இப்படித்தான் சொல்வார்கள்) பயந்துபோய், தொடங்கிய பிட்சரை இன்னும் ஓர் இன்னிங்ஸ் நிறுத்திவைக்கிறார். அவர் தோளும் போகிறது. இரண்டு பேர் பலவீனம் பன்னிரண்டு பேரின் பலவீனமாக மாற ஒரு வாரம் போதும். மேஜர் லீகில் ஓர் அணிப் பட்டியலில் 26 பேர்; அதில் 13 பேருக்கு மேல் பிட்சர் இருக்கக்கூடாது என்பது விதி. கீழே இருக்கும் சிறிய லீகிலிருந்து ஆள் கூப்பிடலாம். ஆனால் அப்படி வருகிறவர் பக்குவப்படாதவராகத்தான் இருப்பார்.

களைத்த பிட்சரை அடையாளம் காண்பது எளிது, பெற்றோரும் கற்றுக்கொள்ளலாம். எறியும்போது முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்கும். முன்கால் எப்போதும் விழும் குழியில் விழாமல் அரை அடி முன்பே விழும். பந்து மேலே போகும். பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் முழங்கால் உயரத்தில் கிளவுஸை நீட்டி உட்கார்ந்திருப்பார். பந்தைப் பிடிக்கும்போது கிளவுஸ் மார்புக்கு வந்திருக்கும். மார்பு உயரத்தில் வேகமில்லாமல் வரும் பந்தைத்தான் எல்லா பேட்டர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கோர் போர்டில் அடி தெரிவதற்குப் பத்து பந்துக்கு முன்பே கேட்சரின் கிளவுஸில் அது தெரிந்துவிடும்.

நல்ல அணிக்கும் இப்படி வருமா?

வரும். நான் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வது 1964 ஃபில்லீஸின் கதைதான். 23 தோற்ற அதே அணி, அதே மேனேஜர் ஜீன் மாக். மூன்றே வருடத்தில் லீகின் உச்சிக்கு வந்துவிட்டார்கள். இன்னும் 12 ஆட்டம் பாக்கி, இரண்டாவது அணியைவிட ஆறரை ஆட்டம் முன்னிலை (வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டிப் பாதியாக்கும் கணக்கு, அதனால்தான் அரை). செப்டம்பர் 21 அன்று சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டத்தில், மூன்றாவது பேஸில் நின்ற எதிரணியின் சிக்கோ ரூயிஸ் பிட்சர் எறியும் நேரத்தில் ஓடிவந்து ஹோம் பிளேட்டைத் திருடினார் (மூன்று பேஸையும் சுற்றி, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு வந்தால் ஒரு ரன்; பேட்டர் அடிக்காமலே ஓடிவருவதுதான் திருட்டு). 1-0 தோல்வி. அதிலிருந்து வரிசையாக 10 தோல்வி. கடைசியில் செயின்ட் லூயிஸிடம் ஒரே ஆட்ட வித்தியாசத்தில் பட்டத்தை இழந்தார்கள்.

அந்தப் பத்து நாளில் மாக் தன்னுடைய இரண்டு சிறந்த பிட்சர்களான ஜிம் பன்னிங்கையும் கிறிஸ் ஷார்ட்டையும் இரண்டே நாள் ஓய்வில் திரும்பத் திரும்ப இறக்கினார். நம்பக்கூடியவர்கள் அவர்கள் இருவர்தான் என்று நினைத்தார். களைத்த சிறந்த பிட்சரைவிட ஓய்வெடுத்த சுமாரான பிட்சர் மேல் என்பதற்கு இதைவிட வலுவான உதாரணம் எனக்குத் தெரியாது. அன்றைக்கு மாக் என்ன நெருக்கடியில் இருந்தார் என்பதும் புரிகிறது. இறுதி ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி நானும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் பதில் வேறாக இருக்க வேண்டும்.

பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தால் தடுக்க முடியாதா?

1988 ஓரியோல்ஸில் கால் ரிப்கென் ஜூனியர் இருந்தார், எடி மர்ரே இருந்தார். இருவரும் பின்னால் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள். அந்த அணிதான் 21 தோற்றது. பேஸ்பாலில் ஒரு பேட்டர் ஒன்பது பேர் வரிசையில் ஒருவர். ஓர் ஆட்டத்தில் நாலைந்து முறைதான் பேட் பிடிப்பார். கிரிக்கெட்டில் ஒரு தோனி கடைசிவரை நின்று ஆட்டத்தை முடிக்கலாம். இங்கே தன் முறை முடிந்தால் மற்ற எட்டுப் பேர் ஆடும்வரை பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

துரதிர்ஷ்டம் என்பது உண்மையா, சாக்கா?

உண்மை. அளக்கவும் முடியும். பில் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் ஓர் எளிய கணக்கு சொன்னார். அணி எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி ஜெயித்திருக்க வேண்டிய விகிதம் ஏறக்குறைய கிடைக்கும். 2024 வைட் சாக்ஸ் எடுத்தது 507 ரன், கொடுத்தது 813. கணக்குப்படி 45 வெற்றி வந்திருக்க வேண்டும், வந்தது 41. ஆக, துரதிர்ஷ்டத்தின் பங்கு நாலு ஆட்டம். மீதி எல்லாம் அணியின் பலவீனம்.

1961 ஃபில்லீஸ் அந்தப் பருவத்தில் 47 ஜெயித்து 107 தோற்றது. அப்படிப்பட்ட அணி வெறும் தற்செயலாக 23 தொடர்ந்து தோற்பதற்கு நூற்றுக்கு ஒன்று அளவுக்குத்தான் வாய்ப்பு. அதாவது மோசமான அணியாக இருந்தால் மட்டும் போதாது, பந்து நேராக எதிரணி கைக்கே போகும் நாட்களும் சேர்ந்து வர வேண்டும்.

எங்கள் ஸ்கோர் புத்தகத்தையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கச் சொல்லி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறேன். வர்க்கமும் விகிதமும் அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது.

தோற்றுத் தோற்று மனசு விட்டுப்போவதால் மேலும் தோற்கிறார்களா?

ஓரளவுக்கு. ஆரம்பத்திலேயே ஆறு ரன் பின்தங்கினால் பேட்டர் ஒரே அடியில் எல்லாவற்றையும் மீட்கப் பார்ப்பார். விட்டுவிட வேண்டிய பந்துக்கும் பேட்டை வீசுவார். பந்தைத் தடுக்கும் பையன், எரர் (பிடிக்க வேண்டிய பந்தைத் தவறவிடும் பிழை) வந்துவிடுமோ என்ற பயத்தில் பந்தைப் பிடிப்பதற்கு முன்பே எறிய வேண்டிய திசையைப் பார்ப்பான். இதையெல்லாம் தினமும் பார்க்கிறேன்.

1998 ஜூலை 7 அன்று சிபா லோட்டேயின் டோமோஹிரோ குரோகி அணியின் சிறந்த பிட்சராகக் களத்தில் நின்றார். அதற்கு முன் 16 தோல்வி. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், 3-1 என்று முன்னிலை. இன்னும் ஒரே ஒரு அவுட். அந்த இடத்தில் ஓரிக்ஸ் அணியின் பேட்டர் பந்தை வேலிக்கு வெளியே அடித்து (அதுதான் ஹோம் ரன்) இரண்டு ரன் எடுத்து ஆட்டத்தைச் சமன்செய்தார். குரோகி, பிட்சர் நின்று எறியும் மேட்டிலேயே மடிந்து உட்கார்ந்துவிட்டார். அணி கூடுதல் இன்னிங்ஸில் தோற்றது. அவர் மனசு பலவீனமானவர் என்று சொல்ல எனக்கு வரவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை அவரையே நிற்கவைக்கும் நிலையில் அணி இருந்தது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

அதே வருடம் அந்த அணி 61 வெற்றி, 71 தோல்வி என்று முடித்தது. 18 தோற்ற தொடரை எடுத்துவிட்டுப் பாருங்கள்: 61-க்கு 53. அதே ஆட்கள், அதே மனசு.

பயிற்சியாளரை மாற்றினால் சரியாகுமா?

1988-இல் ஓரியோல்ஸ் தன் மேனேஜர் கால் ரிப்கென் சீனியரை ஆறே தோல்வியில் நீக்கியது. அணியில் ஆடிக்கொண்டிருந்த ரிப்கெனின் அப்பா அவர். அடுத்து வந்தவர் ஃபிராங்க் ராபின்சன், பேஸ்பாலின் மாபெரும் பெயர்களில் ஒன்று. அவர் வந்த பிறகு மேலும் 15 தோற்றார்கள். வைட் சாக்ஸ் 2024 ஆகஸ்ட் 8 அன்று மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை நீக்கியது. அதற்கு இரண்டு நாள் முன்பே தொடர் முடிந்திருந்தது. புதியவரின் கீழ் மீதி 45 ஆட்டத்தில் 13 ஜெயித்தார்கள். எண்ணிக்கையில் சிறு முன்னேற்றம், அவ்வளவே.

பிள்ளைகளைக் கை ஓங்குகிறவர், காயத்தோடு எறியச் சொல்கிறவர் என்றால் உடனே மாற்றுங்கள். அதற்குத் தோல்வி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதலாளிகள் வேண்டுமென்றே தோற்கவிடுவார்களா?

ஆட்டக்காரர் யாரும் வேண்டுமென்று தோற்பதில்லை. உரிமையாளர் அணியை வெறுமையாக்குவது நடந்திருக்கிறது. 1899-இல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸின் உரிமையாளர்களே செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, புகழ்பெற்ற பிட்சர் சை யங் உட்பட நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் அங்கே மாற்றினார்கள். கிளீவ்லாந்துக்குக் கிடைத்தது 20 வெற்றி, 134 தோல்வி, நடுவில் 24 தொடர் தோல்வி. அடுத்த வருடம் அந்த அணியே இல்லை.

இந்தக் காலத்தில், மோசமாக முடிக்கும் அணிக்குப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைப்பதால், சில அணிகள் விலை உயர்ந்தவர்களை விற்றுவிட்டு இளையவர்களை வைத்துக் காலம் தள்ளுகின்றன. அதைக் குறைக்கத்தான் 2022 டிசம்பரிலிருந்து குலுக்கல் முறை வந்திருக்கிறது. 2021-இல் 93 ஜெயித்த வைட் சாக்ஸ், 2024 தொடங்கும் முன்பே தன் முன்னணிப் பிட்சர் டிலன் சீஸை வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்தது; ஜூலை முடிவில், தோல்வித் தொடரின் நடுவிலேயே, மேலும் பலரை அனுப்பியது. கீழே விழுந்துகொண்டிருக்கும்போது கையில் இருந்ததையும் கொடுத்துவிட்டது.

நம் பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள்?

இதைத்தான் எல்லோரும் உண்மையில் கேட்க வருகிறீர்கள். எங்களிடம் பிளேட் மேல் ஒழுங்காக எறியத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். போட்டிகளோ தொடர்ந்து மூன்று நாள் நடக்கும். முதல் நாள் ஒருவன், இரண்டாம் நாள் இன்னொருவன். மூன்றாம் நாள் யாரும் இல்லை. ஸ்கோர் புத்தகத்தில் எங்கள் தோல்விகளைப் பார்த்தால், முதல் மூன்று இன்னிங்ஸில் பெரும்பாலும் சமமாகவே இருக்கிறோம். நாலாவதிலிருந்து வாக் கூடுகிறது. நாலு பந்து பிளேட்டுக்கு வெளியே போனால் பேட்டர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போய்விடுவான், அதுதான் வாக். அடி வாங்கித் தோற்பதைவிட நடக்கவிட்டுத் தோற்பதுதான் எங்களிடம் அதிகம்.

பிட்சர் ஏன் இரண்டே பேர்? பிளஸ் டூ முடித்தவர்கள் போய்விடுகிறார்கள். எறியும் பக்குவம் வர இரண்டு, மூன்று வருடம் ஆகிறது. பக்குவம் வரும் வருடத்தில் பொதுத்தேர்வு வருகிறது. தேர்வு முடிந்தால் ஒருவன் பெங்களூருக்கு வேலைக்கு, இன்னொருவன் சேலத்தில் கல்லூரிக்கு. ஜூனில் மறுபடி எட்டாம் வகுப்புப் பையனிடமிருந்து ஆரம்பம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்ப் பருவத்தில் தோப்பு வேலை, பாலக்கோட்டில் தக்காளி பறிக்கும் வேலை என்று வீட்டுக்குக் கை தேவைப்படும் வாரங்களில் பிள்ளைகள் வரமாட்டார்கள். அதில் அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, மைதானம். நம் ஊர் செம்மண்ணில் சரளைக்கல் அதிகம். தரையோடு உருண்டு வரும் பந்து கல்லில் பட்டால் முகத்துக்கு எகிறும். ஒரு முறை கன்னத்தில் வாங்கிய ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவன்), அடுத்த பந்துக்குத் தலையைத் தூக்குவான். தலை தூக்கினால் கிளவுஸும் தூக்கும். பந்து காலிடுக்கில் போய்விடும். புத்தகத்தில் ‘எரர்’ என்று அவன் பெயரில் விழுகிறது. அந்த எரரால் பிட்சர் கூடுதலாக எட்டு, பத்து பந்து எறிய வேண்டியிருக்கிறது, மறுபடி தோள் கணக்குதான். அதனால் பயிற்சிக்கு முன் எல்லோரும் வரிசையாகக் குனிந்து கல் பொறுக்குகிறோம். பெரியவர்கள் வந்து சேர்ந்தால் சீக்கிரம் முடியும்.

மூன்றாவது, கிரிக்கெட் பழக்கம். வெறுங்கையில் இரண்டு கையும் குவித்துப் பிடித்தவன் கிளவுஸை உள்ளங்கை மேலே பார்க்க விரித்துக் காத்திருப்பான். பந்து தட்டிவிட்டுப் போகும். ஸ்டம்புக்கு ஒரு பவுன்ஸில் எறிந்தவன் முதல் பேஸ் ஆளின் மார்புக்கு நேராக எறிய வராமல் தடுமாறுவான். இதெல்லாம் ஒரே பருவத்தில் திருந்திவிடும். பிட்சர் கணக்கு அப்படித் திருந்தாது.

பயணத்தையும் சொல்ல வேண்டும். சென்னையில் போட்டி என்றால் ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய், காலையில் ஏழு மணிக்குக் களத்தில் இறங்குகிறார்கள். கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் நிலையமே கிடையாது. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேறு வழியும் இல்லை.

திருஷ்டி கழிக்கலாமா? சட்டை நம்பர் மாற்றலாமா?

எலுமிச்சம்பழம் சுற்றிப்போடுவதாலோ நம்பர் மாற்றுவதாலோ யாருக்கும் கெடுதல் இல்லை. பிள்ளைகளுக்குத் தைரியம் வருமென்றால் செய்யுங்கள். “உன் ராசியால்தான் தோற்றோம்” என்று ஒரு பிள்ளையைக் காட்டிச் சொல்வதை மட்டும் அனுமதிக்க மாட்டேன். அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளை மறுபடி மைதானத்துக்கு வருவதில்லை.

தோற்கும் அணிக்குப் பெற்றோர் என்ன செய்ய முடியும்?

மறுபடி ஓரியோல்ஸ் கதைக்கு வருகிறேன்: 21 தோற்று, சிகாகோவில் ஒரே ஒரு வெற்றி, மறுபடி இரண்டு தோல்வி. 1 வெற்றிக்கு 23 தோல்வி என்ற கணக்கோடு ஓரியோல்ஸ் 1988 மே 2 அன்று சொந்த ஊருக்கு வந்தது. அன்று ராத்திரி மைதானத்தில் கூடியவர்கள் 50,000-க்கும் மேல். அந்த ஊர் வானொலி அறிவிப்பாளர் ஒருவர், அணி ஜெயிக்கும்வரை ஒலிபரப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று பத்து நாளுக்கும் மேல் நிலையத்திலேயே இருந்தார். அடுத்த வருடம் அந்த அணி 87 ஆட்டம் ஜெயித்து இரண்டாமிடம் வந்தது. கூட்டம் வந்ததால்தான் ஜெயித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆட்டக்காரர்கள் அன்று எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள்.

நம் ஊரில் ஆட்டம் பார்க்க வருகிற பெற்றோர் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். வாருங்கள். தோற்றுத் திரும்பும் பிள்ளையிடம் “எத்தனை ரன் வித்தியாசம்?” என்று கேட்பதற்கு முன் “சாப்பிட்டாயா கண்ணு?” என்று கேளுங்கள். மைதான ஓரத்தில் நின்றுகொண்டு “நேரா எறிடா” என்று கத்த வேண்டாம். நேராக எறியத்தான் அவன் உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

நல்லா எறிகிற பையனையே எல்லா ஆட்டத்திலும் விட்டால் ஒரு வெற்றியாவது வருமே?

வரலாம். செய்ய மாட்டேன். முழங்கையின் உட்பக்கத் தசைநார் வளரும் வயதில் அதிகம் இழுபட்டால் கிழியும். அதைச் சரிசெய்வதற்கு டாமி ஜான் அறுவைச் சிகிச்சை என்று பெயர். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அந்தப் பெயருள்ள பிட்சருக்கு முதன்முதலில் செய்தார். பெரிய லீக் ஆட்டக்காரருக்கே திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தக்காளிக் கூடை தூக்கி வீட்டுக்கு உதவ வேண்டிய பையனின் கை அது.

மேஜர் லீகும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி 13, 14 வயதுக்கு ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் கூடாது என்கிறது; 66 பந்தை எட்டினால் நாலு நாள் ஓய்வு. 15, 16 வயதிலும் உச்சவரம்பு 95-தான். 76-ஐ எட்டினால் நாலு நாள். பந்து எண்ணும் வேலையை ஆட்டத்தில் இறங்காத ஒரு பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். எண்ணிக்கை வந்ததும் அவள் கை தூக்குவாள். ஸ்கோர் என்னவாக இருந்தாலும் பிட்சர் இறங்குவான்.

இந்தத் தொடர் எப்போது முடியும்?

1961-இல் ஃபில்லீஸின் 23 தோல்விக்கு முந்தின கடைசி வெற்றியை எறிந்தவர் ஜான் புஸார்ட். ஆகஸ்ட் 20 அன்று மில்வாக்கியில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதலாவது 23-ஆவது தோல்வி. இரண்டாவதை 7-4 என்று ஜெயித்துக் கொடுத்தவரும் அதே புஸார்ட்தான், கடைசிவரை அவரே எறிந்தார். டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கோ, ஜப்பானின் புகழ்பெற்ற பிட்சர் மசுமி குவாட்டா 2013-இல் வந்து பிட்சர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 2015 மே மாதம் ஹோசெய் பல்கலைக்கழகத்தை ஜெயித்தார்கள். இரண்டு வருடம் பிடித்தது.

எங்களுக்கு மூன்றாவது பிட்சர் தயாராகும்போது முடியும் என்று நினைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இப்போது 45 அடியிலிருந்து பத்துக்கு ஆறு பந்தைப் பிளேட் மேல் போடுகிறாள். முழுத் தூரத்துக்கு அவளை அவசரப்படுத்தப் போவதில்லை.

என் பிள்ளை பிட்சர் ஆக விரும்புகிறான், என்ன கொண்டுவர வேண்டும்?

ஷூ, தண்ணீர், தொப்பி. முதல் மாதம் 30 அடியிலிருந்துதான் எறியவைப்பேன், வேகம் கேட்க மாட்டேன். தோள் வலி, முழங்கை வலி ஏற்கெனவே இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கிளவுஸ் வாங்க வேண்டாம், அணியிடம் இருக்கிறது. இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளையாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்களுக்குப் பொருந்தும் கிளவுஸ் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அன்றைக்கு அதை யாருக்கும் கொடுக்காமல் எடுத்துவைக்க வேண்டும்.